பூஸ்ட் பெடலும் பிளம்பர் சகலையும்

"இன்னிக்கு ராத்திரி கச்சேரியிலயும் உங்க சோலோ கேக்கலைன்னா, அடுத்த வாரத்துலேருந்து அதைக் கீபோர்டுக்குக் குடுத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார் டிரம்மர். குழுவுக்குத் தலைவர் அவர்தான்.

கிட்டார்காரருக்கு முகம் தொங்கிப்போனது. அரை நிமிஷம் தனியாக வாசிக்கும் சோலோதான். அதையும் பிடுங்கிவிட்டால் மேடையில் அவருக்கு என்ன வேலை?

இதற்காகவே புதிதாக ஒரு பூஸ்ட் பெடல் வாங்கியிருந்தார். காலால் ஒரு மிதி மிதித்தால் சத்தம் எகிறும் என்றார் கடைக்காரர். விடிந்ததிலிருந்து மிதித்துப் பார்த்தாயிற்று. கரகரப்புதான் கூடியதே தவிர, சத்தம் இம்மியும் ஏறவில்லை.

கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியைத் தன் வேனில் ஏற்றிவந்த சகலை, காலி ஹாலின் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். தொழில், பிளம்பிங். சங்கீத ஞானம், சைபர்.

"சகலை, இதுல எது முதல்ல வருது?"

"கிட்டார்லேருந்து பூஸ்ட். அப்புறம் டிஸ்டார்ஷன் பெடல். கடைசியில ஆம்ப்."

"டிஸ்டார்ஷன் என்ன பண்ணும்?"

"ஒரு அளவுக்கு மேல வர்ற சத்தத்தை நறுக்கிடும். அதான் கரகரன்னு கேக்குது."

சகலை தலையை ஆட்டினார். "எங்கிட்டயும் இப்படித்தான் வருவாங்க. ஷவர்ல வேகம் இல்ல, பெரிய மோட்டார் போடுங்கன்னு. மாடித் தொட்டி நிறைஞ்சா மிச்சம் வழிஞ்சுதானே போகும்? தொட்டியைத் தாண்டி ஒரு பம்ப் வெச்சாத்தான் ஷவர்ல அடிக்கும்."

"இது ஷவர் இல்ல சகலை."

"உங்க டிஸ்டார்ஷன்தான் தொட்டி. ஒயரை மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்."

"அப்புறம் என்ன யோசனை? குளிக்கப் போறீங்களா?"

டிஸ்டார்ஷனை முன்னால் போட்டு, பூஸ்ட்டை அதற்கும் ஆம்ப்புக்கும் நடுவில் செருகினார் கிட்டார்காரர். மிதித்தார். அதே கரகரப்பு, அதே குணம். சத்தம் மட்டும் எகிறிக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

டீயோடு திரும்பிய டிரம்மர் வாசலிலேயே நின்றுவிட்டார். எல்லோரையும் சேர்ந்து வாசிக்கவைத்துக் கேட்டார். டிரம்ஸ் இடித்த இடியிலும் சோலோ தெளிவாகக் கேட்டது.

"சரி, உங்க சோலோ உங்களுக்கே" என்றார்.

நன்றி சொன்னால் சகலை அதை வைத்தே ஆயுசுக்கும் ஓட்டுவார் என்று கிட்டார்காரருக்குத் தெரியும். தெரிந்தும் மேடையிலிருந்து இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை மறக்கவே மாட்டேன், சகலை."

"மறக்க விட்டாத்தானே?" என்றார் சகலை.

விடத்தான் மாட்டார். விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கட்டும் என்றிருந்தது கிட்டார்காரருக்கு.