இருபத்து மூன்று பிழைகள்

புகார்க் கடிதம் கோடு போட்ட நோட்டுத் தாளில் இருந்தது. மேலாளர் அதை எங்கள் மேசையில் வைத்து, "நிஜமா, இல்ல யாராவது கிளப்பி விட்டதான்னு பார்த்து எழுதிக் குடுங்க. மூணு மணிக்கு வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். பூதக்கண்ணாடி அக்கா சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

கம்பெனி முழுக்க அக்காவுக்கு அந்தப் பெயர்தான். அவருக்கும் தெரியும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களை அச்சுக்குப் போகுமுன் பிழை பார்த்து, அடியில் கையெழுத்துப் போடுவது எங்கள் இருவரின் வேலை. கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல்வரை பின்னோக்கி வாசிப்போம். நேராக வாசித்தால் பொருள் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை தப்பிவிடும். வேதியியல் படித்துவிட்டு வந்த எனக்கு இது பிடித்திருந்தது. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

கடிதத்தையும் அப்படியே பின்னாலிருந்து பார்த்தோம். இருபத்து மூன்று பிழைகள்.

"இவ்ளோ தப்போட எழுதுறவங்க நம்ம தாள்ல இருக்கிற பொடி எழுத்தைப் படிச்சாங்களாம். நம்புற மாதிரியா இருக்கு?" என்றார் அக்கா.

எனக்கும் சந்தேகம் இருந்தது. 'தாள்' என்ற சொல் ஓரிடத்தில் சரியாகவும் இரண்டு இடங்களில் தவறாகவும் இருந்தது. எழுதத் தெரியாதவர் எல்லா இடத்திலும் ஒரே தவறைச் செய்வார். இது தெரிந்தே செய்ததுபோல இருந்தது. அதைச் சொன்னேன்.

"அட, ஊமைக்கோட்டான் பேசுதே. அதையே எழுது. போட்டிக் கம்பெனிக்காரன் வேலையாத்தான் இருக்கும்."

'நம்பத் தகுந்ததல்ல' என்று தட்டச்சு செய்தேன். அறிக்கையோடு கடிதத்தின் திருத்திய படி ஒன்றையும் வைப்பது வழக்கம். அக்கா சாப்பிடப் போனதும் பிழைகளை நீக்கி அதை அடித்து, அச்செடுத்தேன். தாள் இன்னும் சூடாக இருந்தது. அப்போதுதான் நேராக வாசித்தேன்.

'என் மகளுக்கு ஒன்றரை வயது. சளிக்கு உங்கள் மருந்தை வாங்கினேன். பெட்டியில் இருந்த தாளைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் என்று இருந்தது. எழுப்பினேன், எழவில்லை. என் தங்கை வீட்டில் பழைய தாள் இருக்கிறது. அதில் இரண்டு வயதுக்குக் கீழே கால் ஸ்பூன் என்று போட்டிருக்கிறது. இந்தத் தாளில் அந்த வரி இல்லை. நான்கு நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். மற்றவர்களுக்காவது சொல்லுங்கள்.'

மூலத்தை அருகில் வைத்தேன். முதல் மூன்று வரிகளில் சிவப்பே இல்லை. சரியாக எழுதிய 'தாள்' அங்கேதான் இருந்தது. 'எழுப்பினேன்' என்ற இடத்தில் முதல் வட்டம். அதற்குக் கீழே வரிக்கு வரி வட்டங்கள் கூடிக்கொண்டே போயின. எழுதியவர் தடுமாறியதைத்தான் நான் போலி என்று சொல்லியிருந்தேன்.

புதிய தாள் இருக்கும் கோப்பு அலமாரியில் இல்லை. அக்காவின் இழுப்பறையில் இருந்தது. தாளை எடுத்து மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தேன். கால் ஸ்பூன் வரி விடுபட்டுப்போயிருந்தது. மிச்சமிருந்த சொற்களில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை. இல்லாத வரியை எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் பிழையாகத் தெரியாது.

"அதுல என்ன தேடுற?"

அக்கா கதவருகே நின்றிருந்தார். கை இன்னும் ஈரமாக இருந்தது.

"இது எப்ப உங்க டிராயருக்கு வந்துச்சுக்கா?"

அவர் கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். "கீழ ரெண்டு கையெழுத்து இருக்கு. ஒண்ணு உன்னோடது. பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்புறம் என்ன? மணி ரெண்டே முக்கால். அறிக்கையைக் கொண்டுபோய்க் குடு."

அறிக்கை, கடிதம், புதிய தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேலாளர் அறை இடப்பக்கம். மாடிப்படி வலப்பக்கம். எத்தனை கடைகளில் எத்தனை பெட்டிகளுக்குள் இந்தத் தாள் மடிந்து கிடக்கிறதோ. படியில் உட்கார்ந்து, கடிதத்தின் அடியிலிருந்த எண்ணைக் கைபேசியில் அழுத்தினேன்.

ஏழாவது முறை மணி அடித்ததும் எடுத்தார்கள்.

"யாரு?" ஒரு பெண்ணின் குரல்.

கம்பெனியின் பெயரைச் சொன்னேன். மடியிலிருந்த புதிய தாளை விரித்தேன். அவள் வைத்துவிடவில்லை. நாற்காலியை நகர்த்தும் சத்தம். பிறகு, குழந்தை விழாமலிருக்க இரும்புக் கட்டிலின் பக்கக் கம்பியை யாரோ மெதுவாக மேலே தூக்கி மாட்டும் சத்தம்.