பேசாமல் போகிறவள்

உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, கோயில் வாசலில் நின்று பைகளைச் சோதிக்க ஆள் வேண்டும் என்று பங்குக் குருவான சுவாமி கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவர் பத்திநாதர்தான். தூக்காமல் என்ன செய்வார்? அன்றைக்கு அவருடைய மகள் றஜிதா, புருசனுடைய ஊர்க் கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்தாள். உயிர் தப்பிவிட்டாள், ஒரு காது போய்விட்டது. இப்போது அப்பா கூப்பிட்டால் தலையைத் திருப்பி மற்றக் காதைக் கொடுக்கிறாள். அதைக் கண்ட பத்திநாதர், இன்னொரு தரம் இப்படி நடக்க விடமாட்டேன், என்னுடைய வாசலால் ஒருத்தரும் கெடுதி கொண்டுவர விடமாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் பண்ணியிருந்தார்.

கல்பிட்டிப் பக்கத்தில் அது கைக்கடக்கமான ஊர். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். இருந்தும் மனிசன் சொந்தச் சித்தியின் கைப்பையையே கவிழ்த்துக் கொட்டி, செபமாலை வேறு வெற்றிலை வேறாகப் பிரித்துப் பார்த்தார். பூசை முடியும்வரை வாசலை விட்டு அசையமாட்டார். உள்ளே என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது, கேட்பதுமில்லை.

அப்படி நின்ற நாட்களில்தான் தவமலர் அவருடைய கண்ணில் முள்ளாகக் குத்தத் தொடங்கினாள். சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கருவாடு காயப்போட்டுப் பிழைத்து, இங்கேயே தங்கிவிட்டவள். எத்தனை வருசம் போனாலும் பத்திநாதருக்கு அவள் வந்த ஆள்தான். உள்ளே வரும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. தானாகவே பையைத் திறந்து காட்டுவாள், "சுகமா அண்ணை?" என்பாள். வெளியே போவதுதான் வில்லங்கம். சனம் நற்கருணை அப்பமான நன்மையை வாங்கி முடிந்த கையோடு, சுவாமி கடைசி ஆசீர்வாதம் கொடுக்கமுதலே எழும்பி வந்துவிடுவாள். முந்தானைக்குள் இரண்டு கையாலும் நெஞ்சில் எதையோ பொத்திக்கொண்டு வருவாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், சிரித்தால் சிரிக்கமாட்டாள். புளியமரத்தடியில் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல்துறை ரஸாக்கின் ஆட்டோ நிற்கும். ஏறுவாள், போய்விடுவாள்.

முதலில், மாதாவுக்கு நேர்ந்த தங்கச் சாமான்களைச் சுரண்டுகிறாளோ என்று நினைத்தார். போய் எண்ணிப் பார்த்தார், குறையவில்லை. குறையாதது அவருடைய சந்தேகத்தைக் கூட்டித்தான் விட்டது.

"பாரும் டொறத்தி, உள்ள வாற ஆக்களைத்தான் நாங்கள் பாக்கிறம். வெளிய போறவளை ஆர் பாக்கிறது?" என்று தேத்தண்ணிக் கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

கடைக்காரி டொறத்தி திருநாளுக்கு மட்டும் கோயிலுக்கு வருகிறவள். கதைக்கு மட்டும் குறைவில்லை. "அந்த ஆட்டோப் பொடியனும் ஒரு கதை பேச்சு இல்லையே அண்ணே."

"அதைத்தான் நானும் சொல்றன். பேசாமப் போறவளிட்ட ஏதோ இருக்கு."

இது பத்திநாதர் நெடுநாளாக வைத்திருக்கும் கணக்கு. முன்பு அவரும் இன்னாசிப்பிள்ளையும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள். கரையில் வைத்த எஞ்சின் ஒருநாள் காணாமல் போனது. பத்திநாதர் திருநாள் சனத்துக்கு நடுவில் வைத்து இன்னாசியைக் கள்ளன் என்றார். இன்னாசி வாயைத் திறக்கவில்லை. களவெடுத்தவன்தான் வாய் மூடி நிற்பான் என்று பத்திநாதர் அன்றைக்கே தீர்த்துவிட்டார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது இன்னாசி வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் கிடக்கிறார் என்று கேள்வி. பத்திநாதர் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் ஆயத்தமாக நின்றார். தவமலர் வழக்கம்போல நெஞ்சைப் பொத்தியபடி வந்தாள்.

"நில்லும் தங்கச்சி. கையில என்ன?"

அவள் நிற்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு விலகப் பார்த்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையே? காட்டிப்போட்டுப் போம்!"

குறுக்கே பாய்ந்து அவளுடைய தோள்பையைப் பிடித்து இழுத்தார். வார் அறுந்தது. தவமலர் வாசற்படியில் தடுக்கி முன்னால் விழுந்தாள். விழுகிற எந்த மனிதரும் கையை ஊன்றுவார்கள். அவள் ஊன்றவில்லை. இரண்டு கையும் நெஞ்சிலேயே இருக்க, முழங்கால் நேரே கல்லில் மோதிக் கிழிந்தது. அப்போதும் ஒரு சத்தம் போடவில்லை. முந்தானை விலகி, கழுத்தில் தொங்கிய வெள்ளைத் துணிப்பையும் அதற்குள் ஒரு சிறிய வட்டச் சிமிழும் தெரிந்தன. துணியில் சிலுவை தைத்திருந்தது.

பத்திநாதர் சின்ன வயதில் இதை எத்தனை தரம் கண்டிருப்பார்! நோயாளிக்குச் சுவாமி நன்மை கொண்டுபோனால் முன்னால் ஒருவன் மணியடித்துப் போவான். கிழிந்த வலை பொத்துகிறவர்களும் மணலில் முழந்தாளிடுவார்கள். ஆண்டவரைக் கொண்டுபோகிறவர் வழியில் எவரோடும் பேசமாட்டார். மணி இல்லாமல், கருவாட்டுக்காரி ஒருத்தியின் கழுத்தில், ஆட்டோவில் அது போகுமென்று அவர் எங்கே கண்டார்? போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையில் சுவாமி அவளை அதற்கு நியமித்தபோதும் இவர் வாசலில்தான் நின்றார். அதற்கு முன், நோயாளிகளுக்கு ஒரு உதவி என்று சுவாமி கேட்டதும் இவரைத்தான். "எனக்கு வாசல் கிடக்கு சுவாமி" என்று முழுக்கக் கேளாமலே தட்டிவிட்டார்.

அந்த இடத்திலேயே முழந்தாளில் விழுந்தார். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

பூசையை முடித்துக்கொண்டு சுவாமி ஓடிவந்து சிமிழை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தவமலர் வாய் திறந்தாள். "காலை ஊன்ற ஏலாது சுவாமி. இன்னாசி அண்ணை விடியத்தொடக்கம் ஒண்டும் குடியாமல் நன்மைக்குப் பாத்துக்கொண்டிருப்பார்."

இன்னாசி. பத்திநாதர் தலையை நிமிர்த்தினார்.

சுவாமி மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த ஊரில் பூசைக்குச் சனம் காத்திருந்தது. பிறகு, முழந்தாளில் இருந்தவரைப் பார்த்தார்.

"பத்திநாதர், இண்டைக்கு நீர் கொண்டுபோம்."

"சுவாமி, அந்த வீட்டுக்கோ? என்னாலையோ? வேற ஆரையும்..."

"உம்மைத்தான் கேக்கிறன். முந்தியும் உம்மைத்தான் கேட்டனான்."

நன்மையையும் செபங்கள் எழுதிய அட்டையையும் சுவாமி கொடுத்தார். பத்திநாதர் ரஸாக்கின் ஆட்டோவில் ஏறினார். அந்த ஆட்டோவின் பெயரைத்தான் அவர் இத்தனை நாளும் கெடுத்துக்கொண்டு திரிந்தார். ரஸாக் ரேடியோவை நிற்பாட்டிவிட்டு, குழி பார்த்து மெதுவாக ஓட்டினான்.

தேத்தண்ணிக் கடையடியில் டொறத்தி வெளியே ஓடிவந்தாள். "அண்ணே! எங்க, இவன்ர ஆட்டோவில?"

அவர் நெஞ்சைப் பொத்தியபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பேச்சும் இல்லாமப் போகுதே மனிசன். ஏதோ இருக்கு!" என்று அவள் பின்னால் சொன்னது தெளிவாகக் கேட்டது. திரும்பி நாலு வார்த்தை சொல்ல நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

இன்னாசியின் மனைவி அனஸ்தாசியா கதவைத் திறந்தாள். இவரைக் கண்டதும் முகம் கல்லாகியது. "இன்னும் என்ன சொல்லிக் கேவலப்படுத்த வந்தனீங்கள்?"

அவர் துணிப்பையின் மேலிருந்த கையை மட்டும் எடுத்தார். அவள் சிலுவையைக் கண்டாள். மெல்ல விலகி முழந்தாளிட்டாள்.

கட்டிலடியில் ஒரு கதிரைமேல் வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி கொளுத்தியிருந்தது. இன்னாசியின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் பழைய கண். அது பத்திநாதரை விட்டு அசையவில்லை.

அட்டையின் முதல் வரியைப் பார்த்தார். அந்த மனிதனிடம் இத்தனை வருசத்துக்குப் பிறகு அவர் பேசவேண்டிய முதல் பேச்சு அதுவாக இருந்தது.

"இந்த வீட்டுக்கும்... இதில இருக்கிற எல்லாருக்கும்... சமாதானம்."

பாவ அறிக்கை வந்தது. என் பாவமே, என் பாவமே என்று நெஞ்சில் அடித்தபோது அழுகை வந்துவிட்டது. அவர் மறைக்கவில்லை. பிறகு நன்மையை எடுத்து உயர்த்தினார்.

"கிறிஸ்துவின் சரீரம்."

இன்னாசி பார்த்தபடியே கிடந்தார். உதடு மூடியபடி இருந்தது. என் கையால் வாங்கமாட்டான், ஏன் வாங்கவேண்டும் என்று பத்திநாதர் நினைத்தார். ஆனாலும் கையை இறக்காமல் காத்து நின்றார்.

இன்னாசி வாயைத் திறந்தார்.