நிழல்தானுங்கப்பா

“ரெண்டு கட்டை விரலையும் சேர்த்துக் கட்டு கண்ணு. ஒத்தப் புள்ள நீதானே” என்று பொற்கொடி அத்தை வெள்ளைத் துணிக் கிழிசலை நீட்டினாள். அப்பாவின் வலது கால் விரலைக் கயல்விழி பிடித்துவிட்டாள். இடது காலைத் தொடத்தான் கை வரவில்லை. சுண்டுவிரலிலிருந்து கணுக்கால்வரை கறுத்துக் கிடந்தது.

அப்பா வேலுமணி கிணத்துக்கடவில் இளநீர் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். சர்க்கரை முற்றிய உடம்பு. மகளுக்குக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை என்று எல்லோரையும்போலச் சொல்லி விட்டுவிடுகிற ஆளா அவர்? லாரி டிரைவர்களை நிறுத்திவைத்துச் சொல்வார்: “வட துருவத்துப் பக்கம் மரமே மொளைக்காத பூமிங்க. அங்க இருக்கற ஏரி, குட்டை, சதுப்பு அத்தனைக்கும் எம்பட புள்ளதான் சேட்டிலைட் படத்தப் பார்த்து மேப் போடுது. எது தண்ணி, எது மேக நிழலுன்னு ஒரே பார்வையில சொல்லிப்போடும்!”

அந்தப் பார்வைதான் குடியைக் கெடுத்தது.

பதினெட்டு நாளைக்கு முன்னால் கயல்விழிக்கு வாட்ஸ்அப்பில் அப்பாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பாதத்தில் கறுப்பாக ஒரு திட்டு. ‘இது என்ன கண்ணு?’ என்று கேட்டிருந்தார். சாயங்காலத்துக்குள் நானூறு ஏரிகளுக்குக் கரை வரைந்து கொடுத்தாக வேண்டிய நாள் அது. ஓரம் கத்தரித்தாற்போல் இருந்தால் தண்ணீர், மங்கலாக இருந்தால் நிழல் என்று காலையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் திட்டுக்கும் ஓரம் மங்கலாகத்தான் இருந்தது. ‘நிழல்தானுங்கப்பா’ என்று தட்டிவிட்டு அடுத்த ஏரிக்குப் போய்விட்டாள். பாவி, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மகளே சொல்லிவிட்டாள் என்று மனுஷன் அதற்குப் பிறகு டாக்டர் பக்கமே போகவில்லை.

“ஏனுங்க அண்ணி, காலு இத்தனை கறுத்திருக்குது, ஆரும் பாக்கலீங்களா?” என்றாள் அத்தை.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பாவாத்தாள் நிமிரவில்லை.

“அவரு ஆருகிட்டக் காட்டினாரு? செருப்புக்குள்ளயே மறைச்சு வெச்சுப்போட்டாரு.”

பொய். அந்தப் போட்டோவை எடுத்ததே அம்மாதான். வந்த பதிலையும் அப்பா அவளுக்குத்தான் வாசித்துக் காட்டியிருப்பார்.

கயல்விழி அத்தையின் பக்கம் திரும்பினாள். “அத்தை, எனக்கு அனுப்புனாருங்க. நாந்தான்…”

“கயலு.” அம்மாவின் குரல் ஏறவில்லை. “துணிய இங்க குடு. ஆளுங்க வர்றாங்க.”

துணியை வாங்கி, விரல்களை அம்மாவே சேர்த்துக் கட்டினாள். அப்புறம் அவர் மார்பில் யாரோ போட்டிருந்த சம்பங்கி மாலையை எடுத்து, கறுப்பு கொஞ்சமும் தெரியாதபடி இடது பாதத்தின்மேல் பரப்பிவிட்டாள்.