ஓரகத்தி கோர்ட்டு வாளி

நான் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தர். என் ஓரகத்திக்குப் பக்கத்து ஊர் நீதிமன்றத்தில் அதே வேலை. இரண்டு கூரையும் ஒழுகும். இந்த வருஷம் ஒரே ஒரு நீதிமன்றத்துக்குத்தான் கட்டடப் பணம் என்று சட்டசபை சொல்லிவிட்டது. எதற்குக் கொடுப்பது என்று நேரில் பார்க்க ஐந்து உறுப்பினர்கள் கிளம்பினார்கள்.

"அக்கா, நான் எதையும் தொடல. ஒழுகுற எடத்துல வாளி வச்சது வச்சபடியே இருக்கு" என்று அவள் போனில் சொன்னாள்.

சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். அவள் கோர்ட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என் கோர்ட்டைப் பார்த்து அசர வேண்டாமா? சுவருக்கு வெள்ளையடிக்க வைத்தேன். கூரைக்குத் தார் பூச வைத்தேன். சாட்சிக் கூண்டை என் கையாலேயே துடைத்தேன்.

வந்தவர்கள் அசந்துதான் போனார்கள். "பிரமாதமா வச்சிருக்கீங்கம்மா. உங்களுக்கு எதுக்குப் பணம்?" என்றார் குழுத் தலைவர். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது.

அவளுக்குப் புதுக் கட்டடம் வந்தது, லிஃப்டோடு. எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த மழைக்காலத்திலேயே என் தார் பிய்த்துக்கொண்டது. அதைக் கேள்விப்பட்டு அவள் ஆள் மூலம் ஒரு சாமான் அனுப்பினாள். "அக்கா, இங்க இனிமே இது தேவப்படாது" என்று சீட்டு ஒட்டியிருந்தது.

அந்த வாளி. அதுவும் என்னுடையதைவிடப் பெரியது.