பின்பக்கத்து இடது சக்கரம்

கிள்ளையில் அப்துல் வதூதிடம் ஒரு ஜீப் இருந்தது. பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து, ஏலத்துக்கு வந்த வண்டி. உப்பங்கழி ஓரத்து மணலிலும் சேற்றிலும் இறங்கி, இறால் கூடைகளையும் நண்டுக் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் ரயிலடியில் சேர்ப்பது அவர் தொழில். அந்தத் தடத்தில் வேறு மோட்டார் வண்டி எதுவும் வராது.

அறுபத்தாறாம் வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்ததும் அவருடைய ஒரே மகள் ஆசியா உம்மாள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருமகன் ஜமாலுதீன் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலையாக இருந்தான். ஆசியாவைப் பரிசோதித்த சிதம்பரத்து லேடி டாக்டர், குழந்தை குறுக்கே கிடப்பதாகச் சொன்னார். வீட்டில் வைத்துப் பார்க்கிற பிரசவம் இல்லை, கடலூர் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், அதுவும் வலி காணும் முன்பே போய்விட வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுக் கிளம்புவதென்று வதூதும் அவர் மனைவி சைதுன் பீவியும் முடிவு செய்தார்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்றுதான் அது நடந்தது. வளைவில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓட, வதூது பிரேக்கை மிதித்தார். இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தத்தோடு ஜீப் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் வாய்க்கால் ஓரத்தில் குலுங்கி நின்றது. பின்னால் ஆசியா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னும் இல்லியே தங்கம்?"

"இல்ல வாப்பா. பயந்துட்டேன், அவ்ளோதான்."

சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக் லைனிங் தேய்ந்துபோய் ரிவிட்டு வெளியே தலைகாட்டிவிட்டது என்று வதூதுக்குத் தெரியும். இறால் கூடைகளை வைத்துக்கொண்டு அப்படியே இன்னும் சில வாரங்கள் ஓட்டியிருப்பார். இந்த வண்டியில் ஆசியாவைக் கடலூர் வரைக்கும் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை ரயிலேறித் திருப்பாதிரிப்புலியூர் போனார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த ராமாமிர்தம் அவருக்குப் பழக்கம். ஜீப்புக்கு லைனிங் என்றதும் ராமாமிர்தம் இரண்டு வகையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று கருகருவென்று கல்மாதிரி இறுகியிருந்தது. மற்றது பித்தளைக் கம்பி ஓடவிட்டு நெய்த பட்டை; நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்தது.

"கறுப்பு ஜாஸ்தி நாளைக்கு வரும். தண்ணி, சேறு எதுக்கும் அசையாது. ஆனா ஏறி மிதிக்கணும், புடிச்சா வெடுக்குனு புடிக்கும். இந்த நெசவுப் பட்ட அப்படியில்ல, பூப்போல நிறுத்தும். சீக்கிரம் தேஞ்சிடும், ஈரம் பட்டா புடிப்பு கொறையும். உங்க தடத்துக்கு நான் கறுப்பத்தான் சொல்லுவேன் பாய்."

எப்போதும் வதூது வாங்குவதும் கறுப்புதான். அன்று நெசவுப் பட்டையை எடுத்து விரல்களுக்கிடையில் வளைத்துப் பார்த்தார்.

"இதையே குடுங்க."

"மூணு மாசத்துல திரும்ப என்கிட்டதான் வந்து நிப்பீங்க."

"வந்துட்டுப் போறேன். இந்தத் தடவ வண்டியில எறாலு போவல. எம் பொண்ணு போறா."

புதன்கிழமை வீட்டுக் கொல்லையில் பூவரச மரத்தடியில் ஜீப்பை நிறுத்தினார். ஜாக்கியில் தூக்கி, அடியில் பனங்கட்டைகளைக் கொடுத்தார். அடுத்த வீட்டு மணவாளன் கூட இருந்தார். சின்ன வயதிலிருந்தே இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். மணவாளனுக்கு நிலமும் ஒரு ஜோடி மாடும் உண்டு. மோட்டார் வேலை தெரியாது. பிடி என்றதைப் பிடிப்பார், தட்டு என்றதைத் தட்டுவார்.

முன்சக்கரம் இரண்டும் அன்றே முடிந்தன. வதூது அவசரப்படவில்லை. பழைய ரிவிட்டுகளைத் துளைத்தெடுத்து, லைனிங் உட்காரும் இரும்புப் பிறையைத் துருப்போகத் தேய்த்து, புதுப் பட்டையைப் பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொன்றாக ரிவிட்டு அடித்தார். எண்ணெய்க் கை படக்கூடாதென்று வேட்டித் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆசியா கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கல்யாணத்துக்குக்கூட வாப்பா இப்படி நகாசு வேல பாக்கல உம்மா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிச் சிரித்தாள்.

வியாழக்கிழமை பின்சக்கரங்கள். வலதுபக்கம் முடிந்தது. இடதுபக்கத்தைக் கழற்றி, பழைய லைனிங்கைத் துளைத்து எடுத்துப் போட்டிருந்த நேரத்தில் சைதுன் பீவி கொல்லைக்கு ஓடிவந்தாள். முக்காடு தோளில் கிடந்தது.

"ஏங்க, புள்ளைக்குப் பன்னீர்குடம் ஒடஞ்சிடுச்சுங்க."

வதூதுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. கையில் லைனிங் எடுத்த இரும்புப் பிறையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து ஆசியாவின் முனகல் கேட்டது.

மணவாளன் எழுந்துவிட்டார். "மச்சான், ரயிலு இனிமே ராத்திரிக்குத்தான். நான் மாட்டு வண்டியக் கட்டுறேன். சிதம்பரம் போயிட்டா அங்க டாக்சி புடிச்சிக்கலாம்."

"மூணு சக்கரத்துல பிரேக் இருக்கே, அப்படியே போவ முடியாதா?" என்று சைதுன் பீவி கேட்டாள்.

"முடியாது. இத இப்படியே உட்டு மிதிச்சா ஆயில் பூரா வெளிய வந்துடும். நாலும் போயிடும்." வதூது கட்டைமேல் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு மணவாளனின் மாடுகளைப் பார்த்தார். "இது ஒன்னுதான் பாக்கி. சுருக்கா முடிச்சிடுவேன். மாடு போறதுக்குள்ள நாம அத வழியிலயே தாண்டிடலாம். நீ என்னா சொல்றே?"

சைதுன் பீவி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "மாட்டு வண்டி தூக்கித் தூக்கிப் போடும். குறுக்கால கெடக்குற புள்ள. வேணாம். நீங்க முடிங்க."

வதூது உட்கார்ந்தார். நான்கு சக்கரத்தில் மூன்றை அத்தனை நிதானமாகச் செய்த கை, நான்காவதில் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. ஓரத்து ரிவிட்டு ஒன்று கோணலாக இறங்கிப் பட்டையைக் கிழித்தது. அதைப் பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. பிறைகளை மாட்டும்போது இழுப்பு ஸ்பிரிங் கையைவிட்டுத் தெறித்துச் சருகுக்குள் போய் விழுந்தது. மணவாளனும் அவரும் மண்டியிட்டுத் தேடினார்கள். உள்ளே ஆசியா "உம்மா, உம்மா" என்று கத்த ஆரம்பித்திருந்தாள். ஸ்பிரிங் கிடைத்தபோது பூவரச நிழல் கிழக்கே சாய்ந்துவிட்டது. இந்நேரம் மாட்டு வண்டி சிதம்பரத்தை எட்டியிருக்கும் என்பது இருவருக்கும் தெரிந்தது.

மெத்தையை விரித்து ஆசியாவைப் பின்னால் படுக்கவைத்தார்கள். அவள் தலை உம்மாவின் மடியில் இருந்தது. மணவாளன் முன்னால் ஏறிக்கொண்டார். சிதம்பரத்துக்குள் கூட்டம், ஜட்கா, சைக்கிள் என்று எங்கே மிதித்தாலும் வண்டி தண்ணீரில் படகு நிற்பதுபோல நின்றது. ஆசியா ஒருமுறைகூட குலுங்கவில்லை. புது லைனிங் சூடேறிக் கருகல் வாடை வந்தது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். அதற்குப்பின் வதூது பிரேக்கை மிதிக்கவே பயந்தார், நிற்கிற நேரம்கூட வீண் என்று.

கடலூர் போய்ச் சேர்ந்ததும் ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் நடந்தது. ஆரோக்கியம்மாள் என்ற நர்ஸ் வெளியே வந்து வதூதின் எதிரில் நின்றாள்.

"தாய் பொழச்சிடுச்சு. ஆம்பளப் புள்ள. உசிரு இல்ல பெரியவரே. இனிமே அந்தப் பொண்ணுக்குக் கர்ப்பம் தாங்காது. டாக்டர் உங்ககிட்ட சொல்லுவாரு."

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்றார் வதூது.

ஆரோக்கியம்மாள் அவர் கையைப் பார்த்தாள். நகக்கண்களில் கறுப்பு ஏறியிருந்தது. "அதெல்லாம் இப்ப நெனைக்காதீங்க. அந்தப் பக்கம் சோப்பு இருக்கு, கைய கழுவிட்டு வாங்க. புள்ளைய வாங்கிக்கணும்."

காலையில் குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். சைதுன் பீவி மகளோடு தங்கிவிட்டாள். மணவாளன் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, தலைப்பக்கத்தை உள்ளங்கையால் ஏந்தியபடி கிள்ளை வரைக்கும் வந்தார். வழியில் ஓரிடத்தில் ஆடுகள் மறித்தபோது வதூது பிரேக்கை மிதித்தார். வண்டி சத்தமில்லாமல் நின்றது. ஆடுகள் போய்விட்டன. அவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். மணவாளனால் அவரைத் தொடக்கூட முடியவில்லை. இரண்டு கையும் குழந்தையிடம் இருந்தன.

"மச்சான், வெயில் ஏறுது" என்றார் கடைசியில்.

மையத்தாங்கொல்லையில் ஒரு வேலியோரமாக அடக்கம் செய்தார்கள்.

ஆசியா தேறி வீட்டுக்கு வந்தாள். வீட்டில் பேச்சு நின்றுபோனது. சைதுன் பீவி சோறு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். சிதம்பரம் போகவேண்டியிருந்தால் ஜீப்பில் ஏறாமல் ரயிலுக்குக் காத்திருந்து போவாள். தன்னைத்தான் அவள் மன்னிக்கவில்லை என்று வதூது நினைத்தார். அது நியாயம் என்றும் நினைத்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், ஆசியா உறங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் அடுப்படிக்குப் போய் நின்றார்.

"திட்டிடு சைதுன். நாந்தான் வண்டியப் பிரிச்சேன். நாந்தான் சுருக்கா முடிப்பேன்னேன்."

அவள் அரிந்துகொண்டிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"நீங்க என்கிட்ட கேட்டீங்க. மணவாளன் அண்ணன் மாட்டப் புடிச்சிட்டு நின்னாரு. நாந்தான் வேணாம்னேன்." மீன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "ஒரு வார்த்த சரின்னிருந்தா புள்ள நேரத்தோட ஆஸ்பத்திரி போயிருக்கும். உங்க மூஞ்சியப் பாத்தா நீங்க அத நெனைக்கிறீங்களோன்னு இருக்கு. அதான் பாக்க முடியல."

வதூது அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். இருவரும் வெகுநேரம் அழுதார்கள். அதன்பின் அவர்களுக்குள் பேச்சு வந்தது.

ஆசியாவிடம்தான் அவரால் பேச முடியவில்லை. சாப்பிட்டியா என்று கேட்பார், மருந்து இருக்கா என்று கேட்பார். அதற்குமேல் வார்த்தை வராது. அவள் கொல்லை வாசற்படியில் வந்து உட்கார்ந்தால் அவர் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவார்.

மறு வருஷம் ஜமாலுதீன் கப்பலேறி வந்தான். ஆத்திரப்படவில்லை, மையத்தாங்கொல்லைக்குப் போய் நின்றுவிட்டு வந்து மாமனார் கையைப் பிடித்துக்கொண்டான். ஆசியாவைப் பினாங்குக்கு அழைத்துப் போகிறேன் என்றான். நாகப்பட்டினத்தில் கப்பல்.

சிதம்பரம் ரயிலடியில் மணவாளன் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தார். சைதுன் பீவி மகளைக் கட்டிக்கொண்டு விடவில்லை. மணி அடித்ததும் ஆசியா பெட்டிக்குள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வதூது கீழே நின்றிருந்தார்.

"வாப்பா."

"ம்."

"நான் உங்கள ஒன்னும் நெனைக்கல வாப்பா. ஒரு நாள்கூட நெனைக்கல. எனக்காகத்தானே ராத்திரி பகலா ஒக்காந்து பாத்தீங்க. என்கிட்ட பழைய மாதிரி ஒரு வார்த்த பேசுங்க."

எஞ்சின் ஊதியது. வதூது வாயைத் திறந்தார்.

"தலைய வெளிய நீட்டாத தங்கம்" என்றார். "கண்ணுல கரி உழுந்துடும்."

ரயில் நகர்ந்தது. ஆசியா தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. பிளாட்பாரம் முடிகிற இடம்வரை அவர் கூடவே நடந்தார்.