முப்பதுக்குப் பத்து

சபாபதி அந்த மார்க் தாளை நீட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எண்பத்தெட்டில், மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்ட மூன்று கன்ட்ராக்டர்கள் டெண்டர் கொடுத்திருந்தார்கள். அடுத்த வருடம் என் மகளுக்கு ஒன்றாம் வகுப்பு அதில்தான். விலை குறைத்தவனுக்கு வேலை என்பதே அவரும் நானும் இருந்த கட்டடக் குழுவின் வழக்கம்.

"விலைக்கு ஐம்பது மார்க், முன்னம் கட்டின கட்டடத்துக்கு முப்பது, ஆள்பலத்துக்கு இருபது," என்றார். பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்தார், அரசாங்கத்தில் முப்பது வருடம் டெண்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். "போனமுறை விலையை மட்டும் பாத்து, கூரை ஒழுகினது மறந்துபோச்சோ, பழனியப்பன்?"

மறக்கவில்லை. அந்தக் கன்ட்ராக்டரைப் பிடித்து வந்ததே நான்தான். ஆனால் இந்த மூவரில் கார்த்திகேசு இவருடைய மருமகன். இவ்வளவு கணக்கும் யாருக்காக என்று எனக்குத் தெரியாதா?

"மருமகனுக்கு மார்க் போட நீங்களே போதும் லா," என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. "கட்டட மார்க்கை நீங்கள் தனியப் போடுங்கோ. மூண்டு பேர் கட்டினதையும் நேர போய்ப் பாத்துட்டுப் போடுங்கோ. அதுக்குப் பிறகுதான் விலை உறையைப் பிரிப்பம்."

இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்றே பட்டது.

செலாயாங்கில் கார்த்திகேசு கட்டிய மண்டபத்துக்கு வேண்டுமென்றே அடைமழையில் போனேன். சுவர், மூலை, சன்னல் ஓரம் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரமில்லை. காவல்காரர் பக்கிரிசாமி, "அஞ்சு வருசமா ஒழுகல அண்ணே," என்றார். இவருக்கும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது.

கார்த்திகேசுவுக்கு முப்பதுக்குப் பத்து போட்டேன். மற்ற இருவர் கட்டியதைப் பார்க்கப் போகவே இல்லை. ஆளுக்கு இருபது.

உறைகளைப் பிரித்துக் கூட்டியபோது கார்த்திகேசு நான்கு மார்க்கில் தோற்றான். ஜெயித்தவன் எழுப்பிய ஒரு சுவரைக்கூட நான் பார்த்ததில்லை.

"மூண்டையும் போய்ப் பாத்தனீங்கள்தானே?" என்று கேட்டார் சபாபதி.

"பாத்தேன்."

"அப்ப சரி. உங்கட கண்ணை நான் நம்புறன்."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மார்க்கில் கைவைத்தது நான்தான் என்று வாய்வரை வந்தது.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.