வண்டி நேராகத்தான் போகிறது

வெர்லினின் மோட்டார்ஹோமுக்கு வயது இருபத்தெட்டு. முப்பது அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. நேராகப் போகும் குணம் ஒன்றுதான் கிடையாது. பக்கத்தில் ஒரு லாரி முந்திப் போனால் போதும், முதலில் ஓரத்துப் பள்ளத்தின் பக்கம் ஒதுங்கும், அப்புறம் லாரியின் பக்கம் இழுக்கும். வாங்கிய நாளிலிருந்து பத்தொன்பது வருடமாக இதே கூத்து. ஒவ்வொரு குளிர்காலமும் அமெரிக்காவில் தங்கள் ஊரான ஒரிகானின் பனிக்குத் தப்பி அரிசோனா பாலைவனத்துக்குப் போவார்கள். அந்த ஊர் வழக்கப்படி வெர்லின் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவார், மனைவி ஆர்டிஸ் வலப்பக்க சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வாள். அங்கே வந்து சேரும் ஜோடிகள் எல்லாமே அப்படித்தான். ஸ்டீயரிங் ஆணுக்கு, வரைபடம் பெண்ணுக்கு. ஏன் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் பதில் தெரியாது.

இந்த நவம்பரில் ஆர்டிஸ் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

"நான் வரல, வெர்லின். நீ போ. நான் இங்கயே பனி அள்ளிக்கிட்டுக் கிடக்கறேன்."

"என்ன விளையாடறியா? நீ இல்லாம அங்க போய் நான் யாரோட சீட்டாடறது?"

"பாம்போட ஆடு. அந்த சீட்டுல இனிமே உட்கார மாட்டேன்."

வெர்லின் ஆடிப்போய்விட்டார். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் ஒரு குளிர்காலம்கூடப் பிரிந்து இருந்ததில்லை. மனுஷன் மறுநாளே வண்டியை மைத்தே என்ற பெண்ணின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார். வண்டியின் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் வேலையில் அந்த வட்டாரத்தில் மைத்தேயை மிஞ்ச ஆள் கிடையாது.

அவள் முதலில் பயணத்துக்குப் போவதுபோலத் தண்ணீரிலிருந்து சட்டிப்பானை வரை எல்லாவற்றையும் ஏற்றச் சொல்லி ஒவ்வொரு சக்கரத்தையும் எடை போட்டாள். பிறகு மூன்று நாள் வேலை. தளர்ந்துபோன ஸ்பிரிங் பட்டைகளோடு புதிதாக ஒன்று சேர்த்தாள். ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றினாள். வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பிகளை முன்னும் பின்னும் கனமாகப் போட்டாள். பின் அச்சு பக்கவாட்டில் நழுவாதபடி வண்டிச் சட்டத்தோடு ஓர் இரும்புத் தண்டினால் பிணைத்தாள்.

நான்காம் நாள் மூவருமாக நெடுஞ்சாலையில் ஏறினார்கள். மைத்தே பின்னால் சோபாவில் இருந்தாள். ஆர்டிஸ் வலப்பக்க சீட்டில், கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி.

"இதுதான் கடைசி தடவை, சொல்லிட்டேன்," என்றாள்.

முதல் லாரி வந்தது. வண்டி இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி, வலப்பக்கம் ஒரு ஆட்டம் ஆடியது.

"நிறுத்து! ஐயோ, நிறுத்தித் தொலை!"

ஓரமாக நிறுத்திவிட்டு வெர்லின் மைத்தேயின் மேல் பாய்ந்தார். "மூணு நாளா என்ன கிழிச்ச? அப்படியேதான் ஆடுது!"

மைத்தே அசரவில்லை. "எழுந்திரிங்க, நான் ஓட்டறேன்."

அவள் ஓட்டினாள், வெர்லின் பின்னால் சோபாவில் உட்கார்ந்தார். இரண்டு லாரிகள் உரசுகிற மாதிரி முந்திப் போயின. வண்டி ஒரு அங்குலம்கூடப் பக்கவாட்டில் ஒதுங்கவில்லை. நேராகப் போனது.

"கண்ணாடில லாரியப் பார்த்ததும் உங்க கை தானா இடப்பக்கம் ஒடிக்குது, அப்புறம் வலப்பக்கம்," என்றாள் மைத்தே. "பழைய ஆட்டத்துக்கு அது வேணும். இப்ப ஆட்டம் இல்ல, நீங்கதான் ஆட்டறீங்க. இப்படி எத்தனை பேர் வந்து என்னைத் திட்டியிருக்காங்க தெரியுமா?"

வெர்லின் மறுபடி உட்கார்ந்து பார்த்தார். கையை அசைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். லாரி வந்ததும் பாழாய்ப்போன கை கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஆர்டிஸ், நீங்க ஓட்டுங்க," என்றாள் மைத்தே. "உங்க கைக்கு அந்தப் பழக்கம் இல்ல."

"இவளா?" என்றார் வெர்லின்.

"ஏன், இவளுக்கு என்ன? பதினாலு வயசுல எங்கப்பாவோட வைக்கோல் லாரிய ஓட்டினவ நான். இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது கேட்டியா?"

இடம் மாறினார்கள். வெர்லின் வலப்பக்க சீட்டில் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வண்டி கிளம்பியது.

அட கடவுளே! முன்னால் பெரிய கண்ணாடியைத் தவிர ஒன்றும் இல்லை. சாலையின் வெள்ளைக் கோடு அவர் காலடிக்குள் நுழைந்து ஓடியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் சரளை, அப்புறம் அதலபாதாளம். வண்டி நேராகத்தான் போகிறது, அவருக்கே தெரிகிறது. ஆனாலும் லாரி நெருங்கியபோது அவர் கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. ஸ்டீயரிங் இல்லை. ஒன்றுமே இல்லை. லாரி போனது, வண்டி ஆடவில்லை, அவருக்கு மட்டும் முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. ஆடாத வண்டியிலேயே இந்தப் பாடு. அவள் அலறியபோதெல்லாம் "சும்மா பயந்து சாகாதே" என்று சிரித்திருக்கிறார்.

"ஆர்டிஸ்."

"என்ன? ரோட்டைப் பார்க்க விடு."

"இத்தனை வருஷமா இங்க எப்படி உட்கார்ந்திருந்த?"

"கண்ண மூடிக்கிட்டு."

"அப்ப வழி எப்படிச் சொன்ன?"

"முன்னாடி நாளே மனப்பாடம் பண்ணிக்குவேன்."

"தப்பு பண்ணிட்டேன், ஆர்டிஸ்," என்றார் வெர்லின். "வண்டிய வித்துடலாம். இந்தக் குளிர்காலம் ரெண்டு பேருமா பனி அள்ளலாம்."

ஆர்டிஸ் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் இன்னொரு லாரி வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை நேராக ஓட்டினாள்.

"உளறாத," என்றாள். "நான் ஓட்டறேன். அரிசோனா வரைக்கும் வழி என்னன்னு இன்னிக்கே மனப்பாடம் பண்ணு."